மாட்டெலும்புக்குள் எலும்பை வளர்க்கும் புரதம்: இருப்பது உண்மை, எடுப்பதுதான் பெரும்பாடு

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நம்முடைய பக்கம் முழுக்க மாட்டெலும்பு குவிந்துவிடும். பெருநாள் இல்லாத நாளிலும் மடுவங்களுக்குப் பின்னால் நாயும் காகமும் இழுத்துக்கொண்டு திரிகிற அளவுக்கு எலும்புக்குக் குறைவில்லை. இப்படியிருக்க, "மாட்டெலும்பிலிருந்து எலும்பு வளர்க்கும் புரதம் எடுக்கிறார்கள், ஒரு சின்னக் குப்பி லட்சக்கணக்கில் விலை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் யாருக்கும் கை துருதுருக்கத்தான் செய்யும். "இவ்வளவு எலும்பும் சும்மா போகுதே, இதுல இருந்து அந்த மருந்த எடுக்க ஏலாதா தம்பி?" என்று கேட்டவர்களில் மாட்டு வியாபாரியும் இருக்கிறார், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளையும் இருக்கிறது.

புரதம் உண்மை. அது எலும்புக்குள் இருப்பதும் உண்மை, விலையும் ஏறக்குறைய உண்மை. ஆனால் இன்றைக்கு அந்த விலைக்கு விற்கிற குப்பிக்குள் இருக்கும் புரதம் மாட்டெலும்பிலிருந்து வந்ததே இல்லை. ஒரு காலத்தில் மாட்டெலும்பிலிருந்துதான் எடுத்தார்கள், கிலோக் கணக்கில் எலும்பை அரைத்து, வருசக்கணக்கில் மினக்கெட்டு எடுத்தார்கள், கடைசியில் அதை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று விளங்கிக்கொண்டால் இந்தத் தொழிலில் எலும்புதான் ஆக மலிவான சாமான் என்பது தெரிந்துவிடும்.

முதலில் எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோழியெலும்பை வினாகிரியில் ஊறப்போடுகிற பரிசோதனையைப் பள்ளிக்கூடத்தில் பலபேர் செய்திருப்பீர்கள். சில நாளில் எலும்பு இறப்பர் மாதிரி வளையும். அமிலம் கல்சியம் பொஸ்பேற்றைக் கரைத்துவிட்டது, மிச்சம் இருப்பது கொலாஜன். அதே எலும்பை அடுப்பில் போட்டு நன்றாக எரித்தால் நடப்பது இதற்கு நேரெதிர்: கொலாஜன் எரிந்துபோய், வடிவம் மாறாமல் வெள்ளை வெளேரென்று, தொட்டால் நொறுங்குகிற கனிமம் மட்டும் மிஞ்சும். எடைக்கணக்கில் எலும்பின் மூன்றில் இரண்டு பங்கு வரை கனிமம், நாலில் ஒன்றுக்குக் கிட்டச் சேதனப் பொருள், மிச்சம் தண்ணீர். அந்தச் சேதனப் பொருளிலும் நூற்றுக்குத் தொண்ணூறு கொலாஜன்தான். மிஞ்சுகிற பத்துக்குள்ளேதான் மற்ற எல்லாப் புரதங்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, அவற்றிலும் மிக மிகச் சிறிய ஒரு கூட்டம்தான் நாம் பேச வந்த ஆட்கள். எலும்பு உருவாக்கப் புரதங்கள், ஆய்வுகூடத்தில் சுருக்கமாக பிஎம்பி.

இப்படியொன்று இருக்கும் என்ற சந்தேகம் பழையது. 1889இல் அமெரிக்காவில் நிக்கலஸ் சென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சீழ்பிடித்துக் குழிவிழுந்த எலும்புகளுக்குள் அமிலத்தில் ஊறவைத்துக் கல்சியம் நீக்கிய மாட்டெலும்பை வைத்து அடைத்தார். அவர் நினைத்தது என்னவென்றால், கிருமிநாசினியைத் தாங்கிக்கொண்டு கொஞ்சக் காலம் உள்ளே இருக்க ஒரு பொருள் வேண்டும், இது அதற்குத் தோதாக இருக்கும் என்று. ஆனால் குழிகள் எலும்பால் நிரம்பத் தொடங்கின. அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

தோண்டியவர் மார்ஷல் யூரிஸ்ட், லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். ஐதரோகுளோரிக் அமிலத்தில் கல்சியம் நீக்கிய எலும்புத் துண்டை முயலின் தசைக்குள் வைத்துத் தைத்தார். தசைக்குள், கவனியுங்கள், பக்கத்தில் எலும்பே இல்லாத இடத்தில். சில வாரத்தில் அங்கே புது எலும்பு முளைத்திருந்தது, உள்ளே மஜ்ஜையோடு. 1965இல் 'சயன்ஸ்' இதழில் இது வந்தது. செத்த எலும்புக்குள் இருக்கிற ஏதோ ஒன்று, சுற்றியுள்ள உயிருள்ள கலங்களைப் பார்த்து "எலும்பாக மாறு" என்று சொல்கிறது என்பதுதான் அவர் வாதம். 1971இல் அதற்குப் புரதம் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் அந்தப் புரதத்தை யாரும் கண்ணால் காணவில்லை. காண்பதற்கு இன்னும் 17 வருசம் பிடித்தது.

சரி, எப்படி எடுப்பது?

எல்லா எலும்பும் உதவாது. இளம் மாட்டின் நீண்ட கால் எலும்பின் நடுத்தண்டுதான் நல்லது, முதிர்ந்த மாட்டில் வீரியம் குறைவு. இரண்டு முனையையும் வெட்டி எறிய வேண்டும். வெளிச்சவ்வைச் சுரண்டி, உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கழுவித் தள்ளி, வெறும் கெட்டியெலும்பு மட்டும் எடுக்க வேண்டும். இதெல்லாம் மாடு அறுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் நடந்து எலும்பு உறைநிலைக்குப் போய்விட வேண்டும். நம்முடைய சித்திரை வெயிலில் மடுவத்துக்குப் பின்னால் அரை நாள் கிடந்த எலும்பு இந்த வேலைக்கு முடிந்த கதை. கலங்களிலிருந்து கசிகிற நொதியங்களும் பற்றீரியாவும் புரதத்தை ஆங்காங்கே கத்தரித்துப் போட்டிருக்கும். பார்வைக்கு எலும்பு அப்படியேதான் இருக்கும், அதுதான் இதில் ஏமாற்று.

பிறகு அரைப்பது. சும்மா அரைத்தால் இயந்திரத்தின் சூட்டிலேயே பாதி போய்விடும் என்பதால் திரவ நைதரசனில் உறையவைத்து அரைப்பார்கள். தூளின் பருமன் விளையாட்டு விசயமில்லை. 74 முதல் 420 மைக்ரோமீற்றர் வரையுள்ள கரடுமுரடான தூளை எலியின் தோலுக்கடியில் வைத்தால் எலும்பு வளர்ந்தது, அதைவிடப் பொடியாக 44 முதல் 74 வரை அரைத்ததை வைத்தால் வளரவில்லை. புரதம் அழிந்துவிட்டதோ என்று பார்த்தால், அந்தப் பொடித் தூளிலிருந்து புரதத்தைக் கரைத்தெடுத்து, ஏற்கெனவே புரதம் நீக்கிய கரடுத் தூள்மேல் ஏற்றினால் எலும்பு வளர்கிறது! அதாவது புரதம் மட்டும் போதாது, கலங்கள் ஏறி உட்கார ஒரு திண்ணையும் அளவாக வேண்டும். எலும்புத் தூளைச் சும்மா தூள் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது கொழுப்பு. குளோரோபோம், மெதனோல் கலவையில் கழுவிக் கொழுப்பை எடுக்கிறார்கள், கொழுப்பு மிஞ்சினால் பின்னால் வருகிற ஒவ்வொரு படியும் பிசுபிசுத்துப் போகும். அதற்குப் பிறகு அமிலம். குளிரவைத்த, அரை நோர்மல் அளவிலான ஐதரோகுளோரிக் அமிலத்தில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பீங்கான் வாளி நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழியும், எலும்புக் கனிமத்தில் காபனேற்றும் கலந்திருப்பதால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிற நுரை அது. நுரை அடங்கிவிட்டால் கல்சியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அமிலத்தில் கொஞ்சம் எடுத்து நடுநிலையாக்கி, இரண்டு சொட்டு அமோனியம் ஒக்சலேற்று விட்டுப் பார்ப்பார்கள். பால் கலந்தது போல் வெண்மையாகக் கலங்கினால் கல்சியம் இன்னும் இருக்கிறது, அமிலத்தை மாற்று. கலங்காமல் தெளிவாக நின்றால் சரி. இதெல்லாம் 4 பாகைக் குளிரில், இடைவிடாமல் கலக்கிக்கொண்டு. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்படியொரு நாள் நடுவில் வந்தால் தொகுதி முழுவதும் குப்பைதான்.

இந்த அமிலப் படி மனிதக் கண்டுபிடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. நம் எல்லோருடைய எலும்பிலும் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகிற ஒருவகைக் கலங்கள் இருக்கின்றன. அவை எலும்பின்மேல் ஒட்டி உட்கார்ந்து, தமக்கடியில் ஐதரோகுளோரிக் அமிலத்தையே சுரக்கின்றன, பிறகு ஒரு நொதியத்தால் கொலாஜனை வெட்டுகின்றன. அப்படிக் கரைக்கும்போது உள்ளே பூட்டிக் கிடந்த வளர்ச்சிப் புரதங்களும் வெளியே வந்து, பழைய எலும்பு போன இடத்தில் புதியதைக் கட்ட மற்றக் கலங்களைக் கூப்பிடுகின்றன. வாளியில் நாள்கணக்கில் நாம் செய்வதை அந்தக் கலம் ஒரு மயிரிழை அகலத்துக்குள் செய்துவிடுகிறது.

கனிமம் போன பிறகு கையில் இருப்பது கொலாஜன் வலைக்குள் சிக்கியிருக்கிற புரதம். தண்ணீர் ஊற்றினால் வராது, உப்புத் தண்ணீரிலும் வராது. இங்கேதான் யூரிஸ்டுக்குப் பிறகு வந்த எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். வழி திறந்தது 1981இல், இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன இரண்டு பேரால்: குபேர் சம்பத், ஹரி ரெட்டி. 4 மோலார் செறிவுள்ள குவானிடீன் ஐதரோகுளோரைட்டில் தூளை ஊறவைத்தார்கள். குவானிடீன் புரதங்களைப் பிணைக்கிற மெல்லிய பிடிப்புகளையெல்லாம் அவிழ்த்துவிடும், கெட்டியான கந்தகப் பாலங்களைத் தொடாது. அதனால் பிஎம்பி குலைந்து வெளியே வந்தாலும் அதன் அடிப்படைக் கட்டு முறியாமல் வருகிறது, குவானிடீனை அகற்றினால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. யாராவது அவசரப்பட்டு அந்தக் கந்தகப் பாலங்களையும் உடைக்கிற இரசாயனம் ஏதும் சேர்த்தால் வீரியம் போய்விடும்.

4 மோலார் என்றால் லீற்றருக்கு 380 கிராமுக்கு மேல். ஒரு கிலோத் தூளுக்குப் பத்து லீற்றர் என்று வைத்தால்கூட நாலு கிலோவுக்குக் கிட்டக் குவானிடீன் போகும், அதுவும் சுத்தமான தரத்தில். போதாததற்குப் புரதத்தை வெட்டும் நொதியங்களை அடக்க நாலைந்து தடுப்பான்களும் அதற்குள் கலக்க வேண்டும். எலும்பு இலவசம் என்று சந்தோசப்பட்டவர் கணக்குப் புத்தகத்தை இந்த இடத்தில் திறந்து பார்க்கலாம்.

சம்பத்தும் ரெட்டியும் செய்ததில் பெரிய விசயம் கரைத்தெடுத்தது மட்டுமில்லை. கரைத்தெடுத்த சாற்றைத் தனியே எலிக்குள் வைத்துப் பார்த்தார்கள், எலும்பு வளரவில்லை. சாறு நீங்கிய சக்கையைத் தனியே வைத்தார்கள், வளரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்து வைத்தார்கள், வளர்ந்தது. கேட்கச் சின்ன விசயம் போல இருக்கும், ஆனால் புரதத்தைத் தேடுகிறவனுக்கு அதுவரை இல்லாத ஒரு கருவி இதனால் கிடைத்தது. எந்தச் சாற்றையும் எத்தனை பகுதியாகப் பிரித்தாலும் சரி, ஒவ்வொரு பகுதியையும் அந்த வெறும் சக்கையோடு சேர்த்து எலிக்குள் வைத்தால், எது எலும்பு வளர்க்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறார்.

கருவி கிடைத்தது, ஆனால் என்ன மாதிரியான கருவி! சாதாரணமாக ஒரு நொதியத்தைச் சுத்திகரிக்கும்போது குழாய்க்குள் நிறம் மாறுகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இங்கே எலியின் நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு பை போல வெட்டி, மாதிரியை வைத்துத் தைத்து, காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளளவில் இளங்கலங்கள் கூடும், ஏழாம் நாளளவில் கசியிழையம் தெரியும், பத்துப் பன்னிரண்டு நாளில் எலும்பு, மூன்று வாரத்தில் மஜ்ஜை. பன்னிரண்டாம் நாள் எடுத்து, காரப் பொஸ்பற்றேசு என்ற நொதியம் எவ்வளவு, கல்சியம் எவ்வளவு என்று அளந்து, நுணுக்குக்காட்டியிலும் பார்க்க வேண்டும். ஒரு தடவை பிரித்ததில் 40 குழாய் வந்தது, குழாய்க்கு 4 எலி என்று வையுங்கள், 160 எலி. பன்னிரண்டு நாள் கழித்து "இருபத்தொன்று முதல் இருபத்தாறு வரையான குழாயில் இருக்கிறது" என்று தெரியும். பிறகு அந்த ஆறு குழாயை இன்னொரு வகையில் பிரித்து மறுபடி எலி, மறுபடி பன்னிரண்டு நாள். காலமும் காசும் கரைந்தது இங்கேதான்.

பிரிப்பதில் பெரிய உதவி செய்தது ஹெப்பரின். இரத்தம் உறையாமல் இருக்க வைத்தியசாலையில் ஏற்றுகிற அதே ஹெப்பரின்தான். பிஎம்பிக்கு அதன்மேல் நல்ல பிடிப்பு. ஹெப்பரின் ஒட்டிய சிறு மணிகளை நிமிர்த்தி வைத்த கண்ணாடிக் குழாயில் நிரப்பி, யூரியாவில் கரைத்த சாற்றை மேலிருந்து விட்டால் பெரும்பாலான புரதம் வழிந்து போய்விடும், பிஎம்பி ஒட்டிக்கொண்டு நிற்கும். குறைந்த உப்பில் ஒரு தடவை கழுவி, பிறகு அரை மோலார் உப்பு விட்டால் இறங்கி வரும். 1987இல் இந்த வழி வெளியானது. அதன் பிறகு பருமன்படி பிரிக்கிற மணிகள் நிரப்பிய இன்னொரு குழாய், கடைசியில் உயரழுத்த முறை, ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டையை வெட்டியெடுப்பது என்று போகும். 1989இல் மாட்டெலும்பிலிருந்து ஒரு பிஎம்பியைச் சுத்தமாக எடுத்தபோது அது ஆரம்பச் சாற்றைவிட மூன்று லட்சம் மடங்குக்கு மேல் சுத்திகரிக்கப்பட்டிருந்தது. மூன்று லட்சம் மடங்கு! வழக்கமான நொதியத்துக்குச் சில நூறு, சில ஆயிரம் மடங்கே பெரிய காரியம்.

கையில் மிஞ்சுவது எவ்வளவு என்றால், கிலோக் கணக்கான எலும்புக்கு மைக்ரோகிராம் கணக்கில். சமையலுக்குப் போடுகிற தூளுப்பில் ஒரு பரல் சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு கிலோ எலும்பிலிருந்து சுத்தமாக எடுக்கிற பிஎம்பி அந்த ஒரு பரலுக்கும் வராது. அதிலும் இந்தப் புரதம் நடுநிலைக் கரைசலில் லேசில் கரையாது, கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், குழாய் மாற்றும்போதெல்லாம் சுவரிலேயே கொஞ்சம் போய்விடும்.

இவ்வளவு கொஞ்சம் எடுத்து என்ன செய்வது? மருந்தாகக் கொடுக்க அது காணாது, ஆனால் வாசிக்கக் காணும். அமெரிக்காவின் மசாசூசெட்சில் இருந்த ஜெனெற்றிக்ஸ் இன்ஸ்ரிரியூட் என்ற கம்பனியின் ஆய்வாளர்கள் மாட்டெலும்பிலிருந்து எடுத்த, சுமார் 30 கிலோடால்டன் எடையுள்ள அந்தப் புரதத்தை நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று வாசித்தார்கள். வரிசை தெரிந்தால் அதற்குரிய மரபணுவைத் தேடிப் பிடிக்கலாம். 1988இல் பிடித்துவிட்டார்கள். பிடித்துப் பார்த்தால் ஒன்றில்லை, ஒரு குடும்பமே இருந்தது. முதலாம் இலக்கம் கொடுத்த பிஎம்பி-1 உண்மையில் இந்தக் குடும்பமே இல்லை, கொலாஜனைச் சீவி முடிக்கிற ஒரு நொதியம் என்று பின்னால் தெரிய வந்தது தனிக்கூத்து. பெயர் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

மரபணு கைக்கு வந்த நாளோடு மாட்டெலும்பின் வேலை முடிந்தது. சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிணியின் சூலகக் கலங்களுக்குள் மனிதனுடைய பிஎம்பி-2 மரபணுவை ஏற்றி, தொட்டியில் வளர்த்து, மில்லிகிராம் கணக்கில் எடுக்கிறார்கள். அதைத்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் கீழ்முதுகு எலும்புகளை ஒட்டவைக்கிற சத்திரசிகிச்சைக்கும், 2004இல் கணைக்காலின் பெரிய எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுகளுக்கும், 2007இல் சில தாடையெலும்புச் சிகிச்சைகளுக்கும் அனுமதித்தது. இன்ஃபியூஸ் என்பது அதன் விற்பனைப் பெயர். ஒரு பெட்டி ஆயிரக்கணக்கான டொலர். வாட்ஸ்அப் செய்தி சொல்கிற லட்சம் இதுதான்.

விலையைவிட எனக்கு உறுத்துவது அளவு. ஒரு சத்திரசிகிச்சைக்கு 4 முதல் 12 மில்லிகிராம் வரை போகிறது. கிலோ எலும்பில் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கிற பொருளை ஒரே இடத்தில் மில்லிகிராம் கணக்கில் வைக்கிறார்கள், ஏனென்றால் வைத்த இடத்தில் அது நிற்பதில்லை, கரைந்து ஓடிவிடுகிறது. எலும்புக்குள் அது கனிமத்துக்கும் கொலாஜனுக்கும் நடுவில் பூட்டிக் கிடந்து, தேவைக்குத் தேவை துளித்துளியாக வெளியேறும். அந்தப் பூட்டை இன்னும் யாரும் சரியாகச் செய்யவில்லை. ஓடிப்போனது சும்மா இருக்குமா? கழுத்துச் சத்திரசிகிச்சையில் போட்டபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறியவர்கள் இருந்தார்கள், 2008இல் அதே நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்த சம்பவங்களும் வந்தன. 2011இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று, ஆரம்ப ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன என்று ஒரு முழு இதழையே அதற்கு ஒதுக்கியது. 2013இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் மூலத்தரவுகளை மறுபடி அலசிப் பார்த்தபோது, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டியெடுத்து வைக்கிற பழைய முறையைவிட இது பெரிதாக மேல் என்று சொல்ல முடியவில்லை.

தசைக்குள் எலும்பு வளர்வது எவ்வளவு பயங்கரம் என்பதற்கு இயற்கையே ஒரு நோயை வைத்திருக்கிறது. பிஎம்பியின் செய்தியை வாங்குகிற ஏற்பி ஒன்றில் மரபணுப் பிழை இருந்தால் தசைநாரும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகி, ஆள் அசைய முடியாமல் போய்விடும். மிக அரிதான நோய், 2006இல் அந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. "எலும்பு வளர்க்கும் மருந்து" என்று சத்துமா போல யாராவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விற்க வருவார்கள் என்பதால் சூப்பையும் பேசிவிடுவோம். கால் முறிந்து கிடப்பவருக்கு நல்லியெலும்பு சூப் கொடுப்பது நம் எல்லா வீட்டிலும் உண்டு. கொடுங்கள், ருசியானது, சாப்பாடு இறங்காத நேரத்தில் உள்ளே கொஞ்சம் போகும். ஆனால் எலும்பிலுள்ள கனிமம் கொதிநீரில் கரையாது, ஆகவே கல்சியமும் அதில் கொஞ்சம்தான். சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலற்றின். ஒன்றிரண்டு பிஎம்பி தப்பித் தவறி வந்தாலும் இரைப்பை அதைச் சாதாரண மீன் துண்டைப் போலத்தான் செரித்துவிடும். எலும்புத் தூள் மாத்திரைக்கும் இதே கதிதான்.

அப்படியானால் நம்மூர் முறிவு நெரிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டி எத்தனையோ பேருக்குக் கை கூடியிருக்கிறதே என்று கேட்பீர்கள். கூடும். எலும்பு முறிந்த இடத்தில் நம்முடைய சொந்த பிஎம்பியே வெளியேறி வேலையைத் தொடங்குகிறது. பொருந்தவைத்து அசையாமல் வைத்தால் பெரும்பாலான சாதாரண முறிவுகள் தானாகக் கூடும், கட்டியது வைத்தியரா வைத்தியசாலையா என்று எலும்பு பார்ப்பதில்லை. தோல் கிழிந்த முறிவு, மூட்டுக்குள் போன முறிவு, விரல் மரத்துப்போன முறிவு இவற்றுக்குக் கட்டுப் போதாது, உடனே பெரியாஸ்பத்திரி. பிஎம்பியைப் பற்றிய பேச்சு வருவது மாதக்கணக்கில் கூடாமல் அடம்பிடிக்கிற முறிவுகளுக்கும், எலும்பே காணாமல் போன இடைவெளிகளுக்கும்தான்.

சரி, குவிகிற எலும்பை என்னதான் செய்வது? ஜெலற்றின் ஆலைகளும் முதல் படியில் இதே மாதிரி ஐதரோகுளோரிக் அமிலத்தில்தான் எலும்பை ஊறவைக்கின்றன, கரைந்த கனிமத்தைக் கால்நடைத் தீவனத்துக்கான பொஸ்பேற்றாக மீட்கின்றன. பிறகு சுண்ணாம்பிலும் சூட்டிலும் போட்டுக் கொலாஜனை ஜெலற்றினாக இறக்கும்போது வளர்ச்சிப் புரதத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வேகவைத்து அரைத்தால் வயலுக்கு நல்ல பொஸ்பரசுப் பசளை. படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவருக்கு இந்த இரண்டும் பிஎம்பியைவிடக் கைக்கெட்டுகிற விசயங்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கு ஆய்வுக்கான ஒழுக்கவியல் அனுமதியோடு ஒரு மாணவர் கல்சியம் நீக்கிய எலும்பைச் செய்து எலியில் வைத்துப் பார்க்கலாம், யூரிஸ்டின் பரிசோதனைக்குக் குவானிடீனும் தேவையில்லை, மணி நிரப்பிய குழாயும் தேவையில்லை. அது நல்ல படிப்பு. ஆனால் அதை மனிதனுக்கு வைக்கிற பேச்சே வேண்டாம். பைத்தியக்கார மாட்டு நோய்க்குக் காரணமான பிரியன் என்ற புரதம் சூட்டுக்கும் சாதாரணக் கிருமிநாசினிக்கும் லேசில் மசியாது. மண்டையெலும்பும் முள்ளந்தண்டும்தான் அதில் ஆபத்துக் கூடிய பகுதிகள் என்றாலும், மாடு எங்கே பிறந்து என்ன தின்று வளர்ந்தது என்று பதிவில்லாமல் எந்த நாடும் அந்தப் பொருளைச் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் விடாது.

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விசயம். பல் நாட்டுவதற்கு முன் தாடையெலும்பு போதாது, "எலும்புத் தூள்" வைக்க வேண்டும் என்று பல் வைத்தியர் சொல்லிவிட்டார், அது மாட்டெலும்பாமே, வைக்கலாமா என்று களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு அக்கா கேட்டார். பசுவை வணங்குகிற குடும்பம். இதே கேள்வியை ஹலாலா என்று கேட்டு நிந்தவூரிலிருந்து ஒரு நானாவும் அனுப்பியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே விளக்கம்தான் கொடுக்க முடிந்தது, முடிவு அவரவருடையது.

பல் சிகிச்சையில் பரவலாகப் பாவிக்கிற பயோ-ஓஸ் போன்ற மாட்டெலும்புத் தூளில் பிஎம்பி இல்லை. எரித்த எலும்பு என்று மேலே சொன்னேனே, அந்தப் பக்கம் இது: சேதனப் பொருளை நீக்கிவிட்டுக் கனிமத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள், கலங்கள் ஏறி வரக் கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி அது நிற்கும், எலும்பு வளரு என்று யாரையும் கூப்பிடாது. வினாகிரிப் பக்கம் இருப்பது கல்சியம் நீக்கிய எலும்பு. வைத்தியத்தில் பாவிப்பது பெரும்பாலும் தானம் செய்த மனித எலும்பிலிருந்து செய்ததுதான், மாட்டிலிருந்து இல்லை. அதற்குள் பிஎம்பி கொஞ்சம் இருக்கும், எவ்வளவு என்பது தொகுதிக்குத் தொகுதி, செய்த விதத்துக்கு விதம் மாறும். இலங்கையிலும் கண் தானச் சங்கத்தின் கீழ் கொழும்பில் ஒரு மனிதத் திசு வங்கி இருக்கிறது. மூன்றாவது வகை அந்த விலை கூடிய பிஎம்பி-2. புரதம் ஹாம்ஸ்டர் கலத்தில் செய்தது, மனித மரபணுவில் இருந்து. ஆனால் அதை நனைத்து வைக்கிற பஞ்சு இருக்கிறதே, அது மாட்டின் குதிகால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன். புரதத்தில் மாடு இல்லை என்று நினைத்தவர் பஞ்சில் மாட்டைக் காண்பார்.

ஆகவே பில்லில் "எலும்பு ஒட்டு" என்று பொதுவாக எழுதியிருந்தால் வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது மாட்டுக் கனிமமா, மனித எலும்பா, செயற்கைக் கனிமமா, புரதம் ஏதும் சேர்ந்ததா, தாங்கியாக வைக்கிற பஞ்சோ சவ்வோ எந்த விலங்கிலிருந்து வந்தது என்று. பன்றிக் கொலாஜனில் செய்த சவ்வுகளும் சந்தையில் உண்டு, தூள் மாடாக இருந்து அதை மூடுகிற சவ்வு பன்றியாக இருக்கிற பெட்டிகளும் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் இதெல்லாம் அச்சடித்திருக்கும், பெட்டியையே காட்டச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் சொந்த எலும்பையே எடுத்து வைக்க முடியுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். சின்ன இடைவெளி என்றால் பல நேரம் முடியும், அதில் பிஎம்பி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, சாமிக்கும் மார்க்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வலிக்கிற இடம் மட்டும் ஒன்றுக்கு இரண்டாகும்.